வரப்போரத்துக் கொழுஞ்சியும் ஹகீமின் தராசும்

இந்த இதழில் இதற்கு முன்பு மீன் அமிலம் பற்றியும், எங்கள் பக்கத்துக் கேழ்வரகு பற்றியும் எழுதியிருக்கிறேன். இந்த முறை தோல் மருந்து. ஒரு விவசாயிக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இரண்டு. யுனானி வைத்தியர்கள் தோல் நோய்க்கும் புண்ணுக்கும் எடுத்தாளும் செடிகளில் பல நம் வரப்பில்தான் நிற்கின்றன. நாம் களை என்று பிடுங்கி எறிகிறோம், அல்லது மடக்கி உழுகிறோம். இன்னொன்று, போன சித்திரையில் என் வீட்டில் நான் செய்த ஒரு தப்பு. அதை மறைத்துவிட்டு மூலிகையின் பெருமையை மட்டும் எழுதினால் அது நேர்மை ஆகாது.

நான் முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு வாணியம்பாடிக்குப் பக்கத்தில், அப்பா விட்டுப்போன மூன்றரை ஏக்கரில் ரசாயனம் இல்லாமல் வெள்ளாமை செய்கிறேன். நிலக்கடலை, கேழ்வரகு, ஏரியில் தண்ணீர் இருந்தால் ஒரு போகம் நெல். என் மனைவிக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் இடது முன்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை விழுந்தது. பிறகு மணிக்கட்டில் இன்னொன்று. வலி இல்லை, அரிப்பு இல்லை. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, இது வெண்புள்ளி, தொற்றாது, தொழுநோய்க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறாகத் தாக்குவதால் வருவது. 'வெண்குஷ்டம்' என்று சொல்லாதீர்கள், 'வெண்புள்ளி' என்று சொல்லுங்கள் என்று தமிழ்நாடு அரசே ஆணை போட்டிருக்கிறது. ஊர் வாய் அரசாணை படிக்குமா? பேத்தியைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போனபோது, குழந்தையைத் தூக்கப் போனவளைப் பார்த்து சம்பந்தியம்மா, "நீங்க உக்காருங்க, குழந்தை தூங்கட்டும்" என்றார்களாம். குழந்தை அப்போது முழித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து என் மனைவிக்கு முழுக்கை ரவிக்கை.

எனக்குப் பொறுக்கவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு, நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் கார்போகரிசி வாங்கினேன். கறுத்த சின்ன விதை, நல்ல வாசனை. குளியல் பொடியில் பலரும் ஒரு கை சேர்ப்பதுதான். "யுனானியில வெண்புள்ளிக்கு இதுதான் மருந்து" என்று சொன்னார்கள். அது வரைக்கும் சரி. "பூசிட்டு வெயில்ல காட்டணும்" என்றார்கள். அதுவும் சரிதான். எவ்வளவு பூசுவது, எத்தனை நிமிஷம் காட்டுவது என்று நான் கேட்கவில்லை. அரைத்து, காடியில் குழைத்து, நானே தடித்தமாகத் தடவிவிட்டேன். மார்கழிப் பட்டத்துக் கடலை பிடுங்குகிற சமயம். காலை பத்து மணிக்குப் பூசிக்கொண்டு காட்டுக்குப் போனவள், சித்திரை வெயிலில் இரண்டு மணி வரைக்கும் கடலை ஆய்ந்துவிட்டு வந்தாள்.

அன்று ராத்திரி ஒன்றும் இல்லை. மறுநாள் கை சிவந்தது. மூன்றாம் நாள் முன்கை முழுக்கக் கொப்புளம், வெந்நீர் கொட்டியது மாதிரி. அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு டாக்டரம்மா என்னைத் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. மூன்று வாரத்தில் புண் ஆறியது. ஆனால் வெண்புள்ளிக்கு ஒரு குணம் உண்டு. தோல் காயப்பட்ட இடத்திலேயே புதிதாக வெள்ளை விழும். இரண்டாக இருந்தது ஐந்தாகிவிட்டது. என் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகுதான் ஊருக்குள் இருக்கிற ஹகீமிடம் போனேன். யுனானி வைத்தியரை ஹகீம் என்பார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் உருது பேசுகிற குடும்பங்கள் அதிகம் என்பதால் இந்த வைத்தியம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. இவருக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் நான் கிளையில் கள அதிகாரியாக இருந்தபோது, மருந்து அரைக்கிற எந்திரம் வாங்கக் கடன் கேட்டு வந்தார். வருமானத்துக்கு ஆதாரம் போதாது என்று நான்தான் எழுதித் திருப்பினேன். இப்போது மனைவியின் கையை நீட்டிக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன பூசினேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்: "சார், பூச்சிவிரட்டி அடிக்கும்போது பத்து லிட்டருக்கு எவ்வளவுன்னு கேக்கறீங்க இல்ல? இதுக்கு மட்டும் ஏன் கேக்கல?"

எனக்குப் பதில் இல்லை. கடன் விஷயத்தை அவர் எடுக்கவே இல்லை. எந்திரம் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

தெளிவு குடிக்க, மண்டி பூச

கார்போகரிசியை யுனானியில் பாப்சி என்கிறார்கள். வெண்புள்ளிக்கு அவர்கள் பெயர் பரஸ். பாப்சியோடு இன்னும் சில விதைகளைச் சேர்த்து இடித்த 'சஃபூஃபே பரஸ்' என்ற சூரணம்தான் பெயர் பெற்ற மருந்து. அதைக் கொடுக்கிற முறை அழகானது. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் மேலே நிற்கிற தெளிவை வடித்துக் குடிக்க வேண்டும். அடியில் தங்குகிற மண்டியை வெள்ளை மேல் மட்டும் மெல்லிசாகப் பூசி, இளவெயிலில் சில நிமிஷம் காட்டிவிட்டுக் கழுவிவிட வேண்டும். நாள் போகப் போக நிமிஷத்தைக் கூட்டலாம், சிவப்புத் தட்டினால் நிறுத்திவிட வேண்டும். விதையையும் அப்படியே போடுவதில்லை. இஞ்சிச் சாற்றில் ஊறப்போட்டு உலர்த்திக் காரத்தை அடக்கிவிட்டுத்தான் சேர்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். கார்போகரிசியில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பட்டால் கிளர்ந்து வேலை செய்யும். அளவாக இருந்தால் நிறமிச் செல்களைத் தூண்டும். மிஞ்சினால் தீப்புண். அந்தத் தீப்புண் உடனே தெரியாது, இரண்டு மூன்று நாளில்தான் முற்றும். என் வீட்டில் நடந்தது வரிக்கு வரி இதுதான். இதே குடும்பத்துப் பொருளை எகிப்தின் நைல் கரையில் விளைகிற வேறொரு களைச் செடியிலிருந்து 1940-களில் பிரித்தெடுத்தார்கள். கெய்ரோவில் எல் மொஃப்தி என்ற மருத்துவர் வெண்புள்ளிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்று ஆங்கில மருத்துவத்தில் மாத்திரையும் புற ஊதா விளக்குமாகச் செய்கிற சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. அந்தச் செடியை வெண்புள்ளிக்குக் கொடுத்து வெயிலில் உட்கார வைக்கும் வழக்கத்தை 13-ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-பைதார் எழுதி வைத்திருக்கிறார். யுனானிக்காரர்கள் புத்தகம் அது.

ஆகவே மருந்து பொய் இல்லை. ஆனால் உள்ளுக்குச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டதாகவும் மருத்துவ ஏடுகளில் பதிவு இருக்கிறது. எங்கள் ஹகீம் மருந்து தொடங்குவதற்கு முன்னாலும், பிறகு அவ்வப்போதும் ரத்தப் பரிசோதனை செய்துவரச் சொல்கிறார். பாரம்பரிய வைத்தியர் லேப் ரிப்போர்ட் கேட்கிறாரே என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில்தான் நம்பிக்கை வந்தது.

நான்கு பேரேடுகள்

யுனானி என்றால் கிரேக்கம் என்றுதான் அர்த்தம். ஹிப்போகிரட்டீஸை அவர்கள் புக்ராத் என்பார்கள், காலனை ஜாலினூஸ் என்பார்கள். கிரேக்கத்து வைத்தியம் அரபுக்குப் போய், அங்கே ராஸி, இப்னு சீனா (980–1037) போன்றவர்கள் கையில் வளர்ந்து, பாரசீகம் வழியாக டெல்லிக்கு வந்து, இங்கே நம் செடிகளையும் சேர்த்துக்கொண்டது. ஹகீம் அஜ்மல் கான் டெல்லியில் கட்டிய திப்பியா கல்லூரியை 1921-ல் காந்திதான் திறந்து வைத்தார். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவான்மியூர் இம்காப்ஸில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றுக்கும் மருந்து தயாராகிறது. ஹைதராபாத்தில் தோல் நோய்க்கென்றே மத்திய அரசின் யுனானி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வெண்புள்ளிக்கு மருந்து வாங்க வெளிமாநிலங்களிலிருந்தும் அங்கே ஆட்கள் வருகிறார்கள்.

உடம்பில் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும் பித்தம் என்று நாலு நீர்மங்கள். சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்று நாலு குணங்கள். இவை சமமாக இருந்தால் சுகம், ஒன்று மிஞ்சினால் நோய். இது அவர்களின் அடிப்படை. வெண்புள்ளி சளிக் கணக்கு. கறுத்துத் தடித்துச் செதில் விடுகிற தோல் நோய்கள் கரும் பித்தக் கணக்கு. அதற்குக் கத்தரிக்காய், மாட்டிறைச்சி, மைசூர்ப் பருப்பு ஆகாது. இன்றைய உடலியல் இந்தக் கணக்கை ஏற்காது. நானும் அதை அப்படியே நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். வங்கிக்காரன் மூளைக்கு இது பேரேடு மாதிரி படுகிறது. பல நூறு வருஷமாக நோயாளிகளைப் பார்த்தவர்கள், பார்த்ததையெல்லாம் எழுதி வைக்க நாலு தலைப்புப் போட்டுக்கொண்டார்கள். தலைப்பு தப்பாக இருக்கலாம். கீழே எழுதின வரவு செலவு முழுக்கத் தப்பாக இருக்க வேண்டியதில்லை.

புண் விஷயத்தில் இது நன்றாகப் புரிந்தது. வெட்டுக் காயமோ ஆறாத புண்ணோ, அதை அவர்கள் 'தொடர்ச்சி அறுந்துபோதல்' என்ற தனி நோய் வகையில் வைக்கிறார்கள். சேர்ந்திருந்தது பிரிந்துவிட்டது, அதைச் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு ஒரே மருந்து கிடையாது. அழுக்கையும் சீழையும் அகற்ற ஒன்று, கசிவை உலர்த்த ஒன்று, சதை வளர ஒன்று, கடைசியில் மேல்தோல் மூட ஒன்று. ஒவ்வொரு வகைக்கும் தனிப் பெயர், தனி மருந்து வரிசை. உழவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். களை எடுக்காமல் விதைத்தால் என்ன ஆகும், ஈரம் வடியாத வயலில் நட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். "உள்ள சீழ் இருக்கும்போது மேல மூடற மருந்து போட்டா, வீட்டுக்குள்ள திருடனை வச்சுப் பூட்டின மாதிரி" என்றார் ஹகீம்.

மர்ஹம் காய்ச்சுவதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். மர்ஹம் என்றால் களிம்பு. கனமான பாத்திரத்தில் நல்லெண்ணெய் காய்ந்ததும் தேன்மெழுகைத் துண்டு துண்டாகப் போட்டு உருக விடுகிறார். இறக்கி, துணியில் வடிகட்டி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு சலித்த வெள்ளைக் குங்கிலியப் பொடியைத் தூவித் தூவிக் கிண்டுகிறார். கற்பூரம் கடைசியில்தான், அடுப்பில் இருக்கும்போது போட்டால் ஆவியாகிப் போய்விடும். ஆற ஆற கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கை நின்றால் பொடி அடியில் தங்கிவிடும். வெயில் காலத்துக்கு மெழுகு கூட, குளிர் காலத்துக்குக் குறைவு. குங்கிலியம் சித்த வைத்தியத்திலும் உண்டு, குங்கிலிய வெண்ணெய் என்று. இரண்டு வைத்தியமும் இந்த மண்ணில் அடுத்தடுத்த கடையில் சாமான் வாங்கியவைதானே.

அந்த அலமாரியில் ஒரு டப்பா மட்டும் தனியாகப் பூட்டி இருந்தது. மிருதார்சிங்கி. அது ஈய ஆக்சைடு. பழைய யுனானிக் களிம்புகள் சிலவற்றில், கட்டி கரைக்கிற 'மர்ஹமே தாக்லியூன்' உட்பட, அது சேரும். திறந்த புண்ணில் அதைப் போட மாட்டேன், குழந்தைக்கும் பிள்ளை சுமக்கிறவர்களுக்கும் எதிலும் போட மாட்டேன் என்றார். "பழசு என்பதாலேயே எல்லாம் நல்லது இல்லை சார்." நம் இயக்கத்துக் கூட்டங்களில் 'நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவே கிடையாது' என்று மேடையில் பேசுகிற நண்பர்கள் இந்த டப்பாவை ஒரு முறை பார்க்க வேண்டும். சந்தையில் சின்னச் சிமிழில் லேபிள் இல்லாமல் விற்கிற களிம்பை வாங்காதீர்கள். உரிம எண்ணும் சேர்மானமும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம்.

அன்றே இன்னொன்றும் பார்த்தேன். எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் கருக்கருவாளில் விரலை அறுத்துக்கொண்டு, மேலே மண்ணெண்ணெய் ஊற்றித் துணி சுற்றி வந்திருந்தார். ஹகீம் கழுவிவிட்டு, "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் ரணஜன்னி ஊசி போட்டுட்டு வாங்க. மர்ஹம் எங்கயும் ஓடாது" என்று திருப்பி அனுப்பினார். சர்க்கரை வியாதிக்காரர் காலில் கறுத்த புண் என்றால் தொடுவதே இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான். ஏரியிலிருந்து அட்டை பிடித்து வந்து வீக்கத்தில் விடுவது யுனானியில் பழைய முறை, அவர் அப்பா செய்திருக்கிறார். இவர் நிறுத்திவிட்டார். ஏரித் தண்ணீரே நம்பும்படி இல்லையே, அட்டையை எப்படி நம்புவது என்கிறார்.

நம் நிலத்தில் நிற்பவை

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். தோல் நோய்க்கு யுனானியில் ரத்தத்தைத் தூய்மை செய்கிற மருந்து என்று ஒரு வகை உண்டு. ஐந்தாறு சரக்கை ராத்திரி வெந்நீரில் ஊறப்போட்டுக் காலையில் வடிகட்டிக் குடிக்கிற ஊறல். அந்தச் சீட்டை ஹகீம் எழுதிக் கொடுத்தபோது எனக்கு உருதுப் பெயர் ஒன்றும் விளங்கவில்லை. ஷாஹ்தரா, சிராயதா, ஸர்ஃபோகா, முண்டி, உன்னாப். "ஸர்ஃபோகா உங்க நிலத்துலயே இருக்கும் சார்" என்று ஒரு காய்ந்த செடியை எடுத்துக் காட்டினார். கொழுஞ்சி!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொழுஞ்சியை நமக்குத் தெரியாதா. மாடு வாய் வைக்காது, அதனால் கோடையில் தானாக நிற்கும். ஒரு தடவை விதைத்தால் பிறகு வருஷா வருஷம் தானே முளைக்கும். விதைத் தோல் கெட்டி என்பதால் மணலோடு தேய்த்து விதைக்கிறோம். பூக்கும்போது மடக்கி உழுதால் மண்ணுக்குத் தழைச்சத்து. நான் எட்டு வருஷமாக மடக்கி உழுகிற பசுந்தாள் உரம், பாலாற்றங்கரை ஹகீமின் சீட்டில் தோல் மருந்து. முண்டி என்பது கொட்டைக்கரந்தை. நெல் அறுத்த ஈர வயலில் தரையோடு படர்ந்து, ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பூ விடுமே, அதுதான். அந்தப் பூவுருண்டையைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். படர்தாமரைக்கு அவர்கள் எடுக்கும் பன்வாட் விதை, நம் தரிசில் முதல் மழைக்கு முளைக்கிற ஊசித்தகரை. கீரையாகவும் சமைக்கிறோம். வேம்பும் மருதாணியும் சொல்லவே வேண்டாம். (மருதாணி என்றதும் ஒரு வார்த்தை: கடையில் விற்கிற 'கறுப்பு மருதாணி'யில் தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கும், தோல் வெந்துபோகும். அது மருதாணியின் குற்றம் இல்லை.)

மீதி இரண்டில் ஒரு சிக்கல் இருக்கிறது, நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஷாஹ்தராவை வடக்கே பித்தபாப்டா என்பார்கள். குளிர்காலக் கோதுமை வயலில் வருகிற செடி. நம் கடைகளில் பற்பாடகம் என்று கேட்டால் கிடைப்பது வேறு குடும்பத்துச் செடி. சிராயதாவும் அப்படியே. அது இமயமலைச் செடி. கேட்டால் நம் நிலவேம்பை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் கசப்புதான். கசப்பெல்லாம் ஒரே மருந்தா?

சீட்டு கையில் இருக்கிறது, செடி நிலத்தில் இருக்கிறது, நாமே ஊறல் போட்டுக் குடித்துவிடலாமே என்று ஒரு நிமிஷம் மறுபடி தோன்றியது. என் மனைவியின் கையைப் பார்த்தேன், அந்த நினைப்பு போய்விட்டது. இரண்டு பேருக்கு ஒரே மாதிரி அரிப்பு இருந்தாலும் ஹகீம் சீட்டு வேறு வேறாகத்தான் எழுதுகிறார். நாடி பார்க்கிறார், நாக்கைப் பார்க்கிறார், மலச்சிக்கல் உண்டா, தூக்கம் எப்படி, என்ன வேலை என்று கேட்கிறார். எந்த மருந்தோடும் அதன் கெடுதலைத் திருத்துகிற இன்னொரு பொருளைச் சேர்க்கிறார். அதற்கு முஸ்லிஹ் என்று பெயர், திருத்துவது என்று பொருள். நான் கார்போகரிசியைத் தனியாக வாங்கினபோது, திருத்துகிறவர் இல்லாமல் வாங்கியிருக்கிறேன்.

முதலில் காரணத்தை எடு

'என்ன வேலை' என்ற அந்தக் கேள்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிகிச்சையின் முதல் விதி காரணத்தை அகற்றுவது என்பது இப்னு சீனா வழி வந்தவர்களின் பாடம். அந்த அறையில் இரண்டு விதமான கைகளைப் பார்த்தேன். ஒன்று, தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களின் கை. குரோமியம் உப்புக் கரைசலில் தொடர்ந்து புழங்கினால் தோல் தடித்து வெடிக்கும், அரிக்கும். சின்னக் கீறல் இருந்தால் ஆழமான குழிப்புண் ஆகும், லேசில் ஆறாது. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு செய்த கேடு பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றமே, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், கெடுத்தவன்தான் ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதியது. தீர்ப்பு வந்து இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. இரண்டாவது, நம்மவர்கள் கை. பூச்சிக்கொல்லியைக் கையுறை இல்லாமல் வெறும் கையால் கலக்கி அடித்து, விரலிடுக்கு வெந்து வருகிறவர்கள்.

ஹகீம் இந்த இரண்டு பேரிடமும் மர்ஹத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரே கேள்வி கேட்பார்: "நாளைக்கும் அதே தொட்டியிலதானே கையை விடப் போறீங்க?" பதில் பெரும்பாலும் மௌனம்தான். கையுறை, வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுவது, முடிந்தால் வேறு பிரிவுக்கு மாறுவது என்று சொல்லி அனுப்புகிறார். வேறு வேலை அவரிடம் இல்லை, அந்தத் தொழிலாளியிடமும் இல்லை. மருந்து அடிக்கிற விவசாயிக்காவது நிறுத்துவது தன் கையில் இருக்கிறது. இதை எங்கள் ஊர்க் கூட்டத்தில் சொன்னேன். பக்கத்து நிலத்துக்காரர், "அப்ப கத்தரிக்குக் காய்த்துளைப்பானுக்கு நீ வந்து காவல் நிப்பியா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. இந்த வருஷம் அவர் பாதி நிலத்தில் மட்டும் மருந்தை நிறுத்தியிருக்கிறார். விரலிடுக்கு ஆறிவிட்டது, கத்தரி கொஞ்சம் சொத்தை.

ஹகீம் சரக்கு வாங்குவதிலும் இதே கண்டிப்பு. கொழுஞ்சியும் கரந்தையும் எங்கே பறித்தது என்று கேட்காமல் வாங்க மாட்டார். கழிவு ஓடுகிற கால்வாய்க் கரையில் செழித்து நிற்கிற செடி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மண்ணில் இருக்கிற உலோகத்தைச் செடியும் கொஞ்சம் இழுக்கும். களைக்கொல்லி அடித்த வரப்புச் செடியையும் வேண்டாம் என்கிறார். தோலுக்கு மருந்து என்று சொல்லி அதையே திருப்பிக் கொடுக்க முடியுமா? அதனால்தான் என் நிலத்துச் சரக்கைக் கேட்டார். விலை அதிகம் என்று சொல்ல மாட்டேன். கூலிக்கு ஆள் வைத்துப் பறித்தால் கட்டாது; நாமே வரப்பு சுத்தம் செய்யும்போது எடுத்து வைத்தால் கைச்செலவுக்கு ஆகும். யாரும் ஏக்கர் கணக்கில் கரந்தை போட்டுவிடாதீர்கள். வாங்குகிறவரைப் பார்த்துப் பேசிவிட்டு, அவர் கேட்கிற அளவுக்கு மட்டும் பறியுங்கள்.

கொழுஞ்சி பூத்து, காய் முற்றுவதற்கு முன் வேரோடு எடுக்க வேண்டும். மண்ணை உதறி அலசி, நிழலில் காய வைக்க வேண்டும். கரந்தைப் பூ ஊதா மங்குவதற்கு முன்னால் பறிக்க வேண்டும். உள்ளே ஈரம் தங்கும், அதனால் ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் பரப்பி, தினமும் புரட்ட வேண்டும். ஒரு பாதி கொழுஞ்சியை நிலத்திலேயே விட்டுவிடுகிறேன். மண்ணுக்கும் பங்கு வேண்டுமே.

என் மனைவிக்கு மருந்து தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. காலை வெயிலில் கொல்லைப் பக்கம் உட்காருகிறாள், கையில் கடிகாரத்தோடு நான் பக்கத்தில். பழைய புள்ளி இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. தீப்புண்ணால் வந்த மூன்றில் ஒன்றுக்குள்ளே, மயிர்க்கால் இருக்கிற இடங்களில், மிளகை உடைத்துத் தூவினது போலச் சின்னச் சின்னதாக நிறம் திரும்பியிருக்கிறது. நிறம் திரும்புவது அப்படி மயிர்க்காலில்தான் தொடங்குமாம். எண்ணிப் பார்த்தாள், பதினொன்று. மணிக்கட்டில் முடி குறைவு, அங்கே கஷ்டம் என்று ஹகீம் முதலிலேயே சொல்லிவிட்டார். டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரிடமும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், ஒருவர் மருந்தை இன்னொருவருக்குச் சொல்லிவிட்டு. போன மாசம் பேத்தி வந்திருந்தாள். பாட்டியின் முழுக்கை ரவிக்கையை மேலே சுருட்டி, "பாட்டி, மேகம்" என்று அந்த வெள்ளையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் இரண்டு மூட்டை சரக்கு கொண்டுபோனேன். ஹகீம் முதல் மூட்டையை அவிழ்த்து முகர்ந்து பார்த்துத் தராசில் வைத்தார். இரண்டாவதைத் திருப்பித் தந்துவிட்டார். அவசரத்துக்குக் களத்தில் வெயிலில் காய வைத்தது, இலை வெளுத்துவிட்டது. "ஆதாரம் போதாது சார்" என்றார், சிரித்துக்கொண்டே. அந்த மூட்டையைக் கொண்டுவந்து வாழைக்கு மூடாக்காகப் போட்டுவிட்டேன். அடுத்த அறுவடைக்கு முன்னால் களத்தோரம் ஒரு கீற்றுப் பந்தல் போட வேண்டும்.